தமிழாசிரியர்க்குப் பட்டமும் பயிற்சியும்

இங்கிலாந்து போன்ற நாடுகளில் பள்ளியில் இலத்தீன் கற்பிக்க விரும்புவோர், பொதுவாக அம்மொழியைப் பல்கலைக்கழகத்திற் பயின்று பட்டம் பெறுவர். பின்னர்க் கற்பிக்கும் முறையைத் தனியே பயின்று சான்றிதழ் பெறுவர். வீட்டில் எவரும் பேசாத மொழிக்கு இத்துணை ஏற்பாடு! நம் தாய்மொழியைக் கற்பிக்கப் பேசத் தெரிந்தாற் போதாதா எனக் கேட்பார் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இன்றும் உளர்.

இவ்வெண்ணம் பழையது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளிகள் எழுந்தன, ஆசிரியர் எங்கே? எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ அவ்வேலையையும் பார்த்தனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் இல்லையேல் அன்று எழுத்தே இல்லை.

இலத்தீனையும் தமிழையும் ஒருங்கே அறிந்த தனிநாயக அடிகளாரின் வாழ்க்கை இங்கு நினைக்கத்தக்கது. உரோமில் சமயக் கல்வி முடித்துத் தமிழகத்து வடக்கன்குளத்தில் பள்ளிப் பணி ஏற்றபோது, தம் தமிழறிவு போதாதென உணர்ந்தார் அவர். பண்டிதர் ஒருவரிடம் பாடங் கேட்டார். பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாகத் தமிழ் பயின்றார். அதனோடும் அமையாது, இலண்டனிற் கல்வித்துறையில் ஆய்வு செய்து முனைவரானார். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தவர், மொழியும் கற்பித்தலும் இருவேறு கல்வி என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர்.

கற்பித்தற் கல்வியின் பயன் யாது? பிள்ளை ‘வாயப்பயம்’ என்று எழுதுகிறான். பயிலாதவர் சோம்பல் என்று பிரம்பை எடுப்பார். மொழியியல் பயின்றவரோ, பிள்ளையின் வீட்டுப் பேச்சில் ழகரம் எங்கும் யகரமாகவே ஒலிக்கிறது, அவன் கேட்டதைப் பிழையின்றி எழுதியிருக்கிறான் என அறிவார். முதலிற் காதுக்குப் பாடம் நடத்துவார். மேலும், மாணவர் குறைந்த பள்ளியில் இரண்டு ஆண்டு வகுப்புகளை ஓர் அறையிற் சேர்த்து நடத்த நேரும். ஒரு சாராரை எழுத விட்டு மற்றவர்க்குப் பாடஞ் சொல்வது இலக்கணப் புலமையால் மட்டும் வருவதன்று. பழகிக் கைவர வேண்டியது.

இன்று இதற்குப் பல வழிகள் உள. ஆசிரியர் கல்விக் கழகங்கள் தொடக்கப் பள்ளிக்குரிய பட்டம் அளிக்கின்றன. தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இத்ரிசு கல்வியியற் பல்கலைக்கழகத்தில் தமிழுடன் கல்வியியலையும் ஒரே பட்டமாகப் பயிலலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சார்ந்த பட்டம் பெற்றோர், அதன்பின் ஆசிரியப் பயிற்சிச் சான்று பெறுதல் வேண்டும். எவ்வழியாயினும் பள்ளிக்குச் சென்று பழகும் பயிற்சிக் காலம் உண்டு. என் கருத்தில் படிப்பின் உயிர் அதுவே.

ஆயினும் இவ்வழிகளின் வாசல் ஐந்தாம் படிவத்திலேயே இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்காத மாணவர் தமிழாசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது அரிது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும், அங்கே தமிழ் வகுப்பு இல்லையெனக் கேட்டுத் திரும்புவதுண்டு. பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். ரந்தாவிலோ பகாவிலோ ஒரு தமிழாசிரியர் படிவம் ஒன்றிலேயே அப்பதினைந்து வீடுகளின் கதவையும் தட்டலாம். மனுவை எழுதிக் கொடுத்தாற் கையெழுத்திடப் பெற்றோர் அணியமாகவே இருக்கின்றனர்.