தடுத்தலும் தடுத்து வைத்தலும்

ஒரு மொழியின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் பெயர்ச்சொற்களைக் காட்டிலும் வினைச்சொற்களையே கூர்ந்து நோக்குதல் வேண்டும். பெயர்களை ஒரு மொழி பிறிதொரு மொழியிடம் எளிதிற் கடன் பெற்றுவிடும். ஆங்கிலத் துரைமாரின் 'பரேட்' நம் தோட்டங்களிலே 'பெரட்டு' ஆயிற்று. 'லைன்' என்பது 'லயம்' ஆயிற்று. இவற்றால் தமிழுக்குக் கேடொன்றும் நேர்ந்துவிடவில்லை. ஆனால் ஒரு வினை எச்சொல்லைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும், எவ்வுருபை ஏற்கும் என்பது கடனாகப் பெறத்தக்க பொருளன்று. அதனைக் கடன் வாங்கினால், சொற்கள் எல்லாம் தமிழாய் இருப்பினும் தொடர் தமிழாகாது.

இதனை விளக்குதற்குச் 'செய்யவிடாது விலக்குதல்', 'ஓர் எல்லைக்குள் அடக்குதல்' என்னும் பொருளுடைய வினைகளை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். இவ்வினைகளோடு நமக்கு நாள்தோறும் பழக்கம் உண்டு. சிவனொளிபாத மலையின் அடிவாரமாகிய நல்லதண்ணியில் டிசம்பர்ப் பூரணை தொடங்கி மே மாத வெசாக் பூரணை வரை யாத்திரைக் காலம். அக்காலத்தில் மலையேறும் அடியார்க்கு 'இதனைக் கொண்டு செல்லற்க', 'இதற்கு அப்பால் ஏகற்க' என்னும் பொருள்பட அறிவித்தல்கள் பல கண்ணிற் படும். இத்தகைய அறிவித்தல்களிலும், அலுவலகக் கடிதங்களிலும், நாளிதழ்ச் செய்திகளிலும் தமிழர்க்கே விளங்காத தமிழ் சில வேளைகளில் வந்து நிற்பதை ஆசிரியப் பெருமக்கள் பலரும் கண்டிருப்பர். அதற்குக் காரணம் சொல்வறுமையன்று. வினையின் சேர்க்கை பிழைத்தலேயாம்.

ஆங்கிலத்தார் வழக்கு

ஆங்கிலத்தில் இவ்வினைகள் இரு பெருங் குழுக்களாய் நிற்கின்றன. 'பிரிவென்ட்', 'புரொகிபிட்', 'ஸ்டாப்' முதலியன 'ப்ரம்' என்னும் சொல்லைத் துணைக்கொள்வன. அச்சொல் நம் ஐந்தாம் வேற்றுமையைப் போல நீங்கற்பொருள் தருவது. 'லிமிட்', 'ரெஸ்ட்ரிக்ட்', 'கன்பைன்' முதலியன 'டூ' என்பதனைத் துணைக்கொள்வன. அது சென்று சேரும் எல்லையைக் காட்டுவது. 'கீப்' என்னும் ஒரே வினை 'ப்ரம்' சேர்ந்தால் விலகி நிற்றலையும், 'டூ' சேர்ந்தால் விலகாது நிற்றலையும் குறிக்கும். 'பாதையில் வராதே' என்பதற்கும் 'பாதையை விட்டு விலகாதே' என்பதற்கும் இடையே அங்குள்ள வேற்றுமை ஒரு சிறு சொல்லே!

'போர்பிட்' என்னும் வினையோ தனித்து நிற்பது. 'புரொகிபிட்' என்பதன் பொருளையே அதுவும் தரினும், மரபு வழக்கில் செய்கை குறித்த 'டூ' அதனை அடுத்து வரும். காரணம், அது ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொல். மற்றையது இலத்தீனிலிருந்து வந்து குடியேறியது. குடியேறிய சொல் தன் பழைய ஊரின் பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. 'பிரிவென்ட்' என்பதும் இலத்தீன் வழியதே. முந்தி வருதல் என்பது அதன் முதற்பொருள். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் அச்சொல் அம்முதற்பொருளிலேயே வந்துள்ளது. முந்திச் சென்று வழியில் நிற்பவன் பின்வருவோனைத் தடுப்பான் ஆதலின், பிற்காலத்தில் தடுத்தற்பொருள் நிலைபெற்றது.

நீங்கலும் தடுத்தலும்

இனி நம் மொழிக்கு வருவோம். 'மழை எங்களைப் பள்ளிக்குப் போவதிலிருந்து தடுத்தது' என்று மாணவர் எழுதுகின்றனர். மாணவர் மட்டுமல்லர், கற்றோரும் அவ்வாறு எழுதத் தொடங்கிவிட்டனர். கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவரிடம் இச்செய்தியைக் கேட்டுப் பாருங்கள். 'மழை போகவிடவில்லை' என்பார். தமிழ் அவர் வாயில் இருக்கிறது. நம் ஏட்டில் இல்லை.

'போவதிலிருந்து தடுத்தது' என்பது ஏன் வழு? நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள் வகுத்தார். நீங்கல் என்பது முன்பு ஓரிடத்தில் அல்லது ஒரு நிலையில் இருந்தது அதனை விட்டுப் பிரிதலாம். தொல்காப்பியரும் தீர்தல், பற்றுவிடுதல் ஆகியவற்றை ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களோடு சேர்த்தெண்ணினார். பற்றியிருந்தால் அன்றோ பற்றுவிட இயலும்? பள்ளிக்குப் போகவே தொடங்காத பிள்ளை 'போவதிலிருந்து' எவ்வாறு நீங்கும்? ஆதலின் தமிழ் இவ்விடத்தில் 'போகாமல் தடுத்தது', 'போகாதபடி தடுத்தது', 'போவதைத் தடுத்தது' என்றே கூறும். 'வேலையிலிருந்து நிறுத்தினார்கள்' என்பதோ நல்ல தமிழ். அவர் வேலையில் இருந்தார், இப்போது நீங்கினார்.

'போகாமல் தடுத்தல்' என்பதில் எதிர்மறை இருமுறை வரவில்லையா எனச் சிலர் ஐயுறலாம். அவ்வெதிர்மறை தடுத்தலின் பயனைக் காட்டி நிற்கிறது. தடுத்ததன் விளைவு போகாமை. இலத்தீன் மொழியிலும் தடுத்தற்பொருள் வினைகளை அடுத்து 'ஆகாதபடி' என்னும் பொருளுடைய இணைப்புச்சொல் வருதல் உண்டு. ஆயின் 'தவிர்' என்னும் வினை இதனை ஏலாது. 'குப்பை கொட்டாமல் தவிர்க்கவும்' என்று எழுதினால், கொட்டாமையைத் தவிர்க்குமாறு, அஃதாவது கொட்டுமாறு வேண்டியதாகிவிடும்! 'குப்பை கொட்டுவதைத் தவிர்க்கவும்' என்க. 'கொட்டாதீர்' என்பது அதனினும் நன்று.

உருபு மாற்றம் மற்றொன்றும் உண்டு. 'தடு' என்னும் வினை இரண்டாம் வேற்றுமையை ஏற்கும். 'தடை' என்னும் பெயரோ நான்காம் வேற்றுமையை வேண்டும். 'வாகனங்களைத் தடுத்தனர்', 'வாகனங்களுக்குத் தடை' என்பன காண்க.

எல்லையோடு நிற்றல்

அடுத்து, 'டூ' சேரும் குழு. 'உரையைப் பத்து நிமிடங்களுக்குக் கட்டுப்படுத்தினார்' என்று எழுதுகின்றோம். பேச்சு வழக்கோ 'பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்' என்னும். ஆங்கிலம் எல்லையை நோக்கிச் செல்கிறது. தமிழ் எல்லையோடு உடன் நிற்கிறது. 'அதோடு விடு', 'வீட்டோடு இரு', 'இத்துடன் நிறுத்து' என்பனவெல்லாம் இம்மரபின. தோட்டத்தார் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டும் உண்டு. தேயிலை தன் போக்கில் விடப்பட்டால் மரமாக வளரும் இயல்பினது. கவ்வாத்து வெட்டி அதனை இடுப்பளவில் நிறுத்துகிறோம். 'இடுப்பளவுக்குக் கட்டுப்படுத்துகிறோம்' என்று எந்தத் தொழிலாளியும் கூறுவதில்லை.

எல்லைப்பொருட் சொற்களில் தமிழ் வளமுடையது. 'வரை' என்பது மலை, கோடு, எல்லை என்னும் பொருள்களைத் தரும். நீக்குதற்பொருளில் வினையாகவும் வரும். 'மட்டு' என்பது அளவு. அதனின்று எழுந்த 'மட்டும்' முதலில் 'அவ்வளவும்' என எல்லை காட்டிப் பின்னர் 'அதுவன்றிப் பிறிதில்லை' எனப் பிரித்துக் காட்டுவதாயிற்று. நம் நாட்டில் பெரிதும் வழங்கும் 'மாத்திரம்' என்னும் வடசொல்லும் அளவைக் குறித்ததே. அளந்தபின் எஞ்சியது புறத்தே நிற்கும் என்பது இச்சொற்களின் உட்கிடை.

எல்லையைச் சொல்லாது விட்டால் பொருள் சிதையும். 'பொலித்தீன் தடை' என மக்கள் சுருக்கமாகப் பேசுகின்றனர். 2017 செப்டெம்பர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கட்டளையோ 20 மைக்ரோனும் அதனிற் குறைந்த தடிப்பும் உடைய பொலித்தீனைக் குறித்தது. தடிப்பின் எல்லை விடுபட்ட சுருக்கம், கடைக்காரரையும் வாங்குவோரையும் ஒருங்கே மயங்க வைக்கும்.

துணைவினையின் ஆற்றல்

ஆங்கிலம் சிறு முன்னிடைச்சொற்களை மாற்றிப் பொருளை மாற்றுகிறது. தமிழ் அதே தொழிலை உருபாலும் எச்சத்தாலும் மட்டுமன்றி, அடுத்து நிற்கும் வினையாலும் செய்கிறது. 'தடுத்தான்' என்பது பொது. 'தடுத்து நிறுத்தினான்' எனின், செல்வோனை இடைவழியில் மறித்தான். 'தடுத்து வைத்தான்' எனின், போகவிடாது காவலில் இருத்தினான். ஆகவே 'அனுமதியின்றி உட்செல்வோர் தடுக்கப்படுவர்' என ஒரு பலகை கூறுமாயின், வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பப்படுவரா, பிடித்து வைக்கப்படுவரா என்பது விளங்காது. படிப்பவருக்கு இது சிறு ஐயமன்று.

இச்சேர்க்கையின் அழகிற்குச் சேக்கிழார் பெருமானே சான்று. பெரிய புராணத்தில் சுந்தரர் வரலாற்றைத் தொடங்கும் பகுதிக்குத் 'தடுத்தாட்கொண்ட புராணம்' என்பது பெயர். புத்தூரில் நிகழவிருந்த திருமணத்தைக் கிழ வேதியராய் வந்த இறைவன் அடிமையோலை காட்டித் தடுத்தான்; திருவெண்ணெய்நல்லூரில் வழக்குரைத்து வென்று ஆட்கொண்டான். தடுத்தல் என்னும் வன்சொல், 'ஆட்கொள்ளுதல்' என்பதனோடு சேர்ந்தவுடன் அருட்சொல்லாய் மாறிற்று.

பெயரோடு சேரும்போதும் இவ்வாறே. 'விலக்கு' என்னும் ஒரு சொல்லை நோக்குக. 'மதுவிலக்கு' என்பதில் விலக்கப்படுவது மது, அது கட்டுப்பாடு. சென்னை மாகாணத்தில் 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராசாசி அரசு தொடங்கிய திட்டத்திற்கு இதுவே பெயர். 'வரிவிலக்கு' என்பதில் விலக்கப்படுவது வரி, அது சலுகை. 'மறியல்' என்பதோ கடல் கடந்தவுடன் பொருள் மாறுவது. தமிழ்நாட்டில் மறியல் செய்வோர் சாலையை மறிக்கும் மக்கள். நம் நாட்டில் விளக்கமறியலில் இருப்போர் சட்டத்தால் மறிக்கப்பட்டவர்கள். அங்கு மறிப்போன் செயல். இங்கு மறிக்கப்பட்டோன் நிலை.

சொல்லும் வாழ்வும்

இவையெல்லாம் இலக்கணிகளின் பொழுதுபோக்கு என எண்ணுவோர், மலையகத்தின் வரலாற்றைச் சிறிது நினைவு கூர்க. 'துண்டு' என்ற ஒரு சீட்டு முன்னாளில் தோட்டத் தொழிலாளியின் கடனைக் குறித்துக் கைமாறிற்று. அஃதில்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிவது அரிது. 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அச்சீட்டு அவனைத் 'தோட்டத்தோடு' வைத்தது என்றால், மூன்றாம் வேற்றுமை உருபின் வன்மை விளங்கும்.

வாக்குரிமையின் கதை இன்னும் நுண்ணியது. 1931-இல் இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்திய வமிசாவளியினர்க்கு வாசத்தகுதி பற்றிய கட்டுப்பாடுகள் இருந்தன; எனினும் பலர் வாக்களித்தனர். 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். 1948-இல் பிரசாவுரிமைச் சட்டமும், 1949-இல் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. வாக்குரிமை 'பிரசைகளுக்கு மட்டும்' என்றாயிற்று. 'மட்டும்' என்னும் ஒரு சொல்லுக்குப் புறத்தே இலட்சக்கணக்கான மக்கள் நின்றனர். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்தம் பிரதிநிதி ஒருவரும் தெரிவாகவில்லை. நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானது 1977-இலேயாம்.

இவ்வரலாற்றை எழுதும் மாணவர் 'மலையக மக்கள் வாக்களிப்பதிலிருந்து தடுக்கப்பட்டனர்' என்று எழுதுகின்றனர். இதில் உண்மை பாதி மறைகிறது. 1947-இல் வாக்களித்த தந்தை, வாக்குரிமையிலிருந்து நீக்கப்பட்டான், இருந்ததை இழந்தான். அதன்பின் பிறந்த மகன், வாக்குரிமை பெறாதபடி தடுக்கப்பட்டான். இழத்தற்கும் அவனிடம் ஒன்றில்லை. தந்தைக்கு நேர்ந்தது நீங்கல். மகனுக்கு நேர்ந்தது தடுத்தல். ஆங்கிலத்தின் 'ப்ரம்' இரண்டையும் ஒரு கயிற்றாற் கட்டிவிடும். தமிழ் இரண்டையும் பிரித்துக் காட்டவல்லது. அவ்வன்மையை நாமே கைவிட்டால், நம் மக்களுக்கு நேர்ந்தது யாது என்பதை நம் மொழியிலேயே சரிவரச் சொல்ல இயலாதவர் ஆவோம். 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் நிலையைப் பின்னர்த் தீர்மானிக்க விட்டுவைத்தது. இந்திய வமிசாவளியினருள் நாடற்றோராய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறிற்று. 'நீக்கினர்', 'தடுத்தனர்', 'விட்டுவைத்தனர்', 'வழங்கினர்' என்னும் நான்கு வினைகளில் அரை நூற்றாண்டு அடங்கிக் கிடக்கிறது.

மொழிபெயர்ப்புப் பயிற்சி நடத்தும் ஆசிரிய நண்பர்க்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. இவ்வினைகள் வருமிடத்து மாணவரை மூன்று வினாக்கள் எழுப்பச் செய்க. அச்செயல் தொடங்கியபின் நின்றதா, தொடங்கவே இல்லையா? விலக்கப்பட்டது ஆளா, பொருளா, செயலா? எல்லை கூறப்பட்டதாயின், அது எவ்வளவோடு நிற்கிறது? இவற்றுக்கு விடை கண்டபின், ஆங்கிலத் தொடரை மூடி வைத்துவிட்டுத் தம் தாயிடம் அச்செய்தியைச் சொல்வதுபோல் எழுதச் சொல்க. 'விடாமல்', 'படி', 'ஓடு', 'மட்டும்' என்னும் சொற்கள் தாமே வந்து தத்தம் இடத்தில் அமரும்.