குட்டி தனியாகக் கிடக்கிறதா? அம்மா பக்கத்தில்தான் இருப்பாள்!

கெங்குவார்பட்டிக்காரர்களுக்குக் காடு ரொம்பத் தூரமில்லை. நிமிர்ந்து பார்த்தால் கொடைக்கானல் மலை. மஞ்சளாறு அணைக்கு மேலே காடு. கீழே மாந்தோப்பும் தென்னந்தோப்பும். இப்படியான அடிவாரத்து ஊர்களில், தோப்புக்குப் போகிறவர் கண்ணில் என்றாவது ஒரு மான்குட்டி பட்டுவிடும். புதருக்குள் தனியாகச் சுருண்டு கிடக்கும். 'ஐயோ பாவம், தாயில்லாக் குட்டி' என்று தூக்கி வந்து, பாட்டிலில் பசும்பால் கொடுத்து, கையோடு ஒரு ரீல்ஸும் போட்டுவிடத் தோன்றும்.

பெரும்பாலும் அது தாயில்லாக் குட்டியே இல்லை. ஈன்ற புதிதில் மான் தன் குட்டியை மறைவாகப் படுக்க வைத்துவிட்டு மேயப் போய்விடும். கூடவே நின்றால் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். பால் கொடுக்க மட்டும் வந்து போகும். அதுவரை குட்டி அசையாது. நாம் தூக்கிக்கொண்டு போன பிறகு, வந்து தேடுகிற தாயை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

தேவாங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். பக்கத்து திண்டுக்கல்லிலும் கரூரிலும் பரந்திருக்கும் கடவூர் காட்டை 2022-ல் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். அங்கே பிறந்த குட்டியைச் சில வாரங்கள் தாய் வயிற்றோடு சுமக்கும். பிறகு இரவில் ஒரு கிளையில் உட்கார வைத்துவிட்டுப் பூச்சி பிடிக்கப் போகும். திரும்பி வந்து தூக்கிக்கொள்ளும். வேலைக்குப் போகிற அம்மா என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

யானை விஷயம் வேறு. சுமார் 22 மாதம் சுமந்து பெற்ற குட்டியை அது லேசில் விட்டு நகராது. தனியாக நிற்கும் யானைக்குட்டி என்றால் ஏதோ ஆபத்து என்றுதான் அர்த்தம். 2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் ஒரு குட்டி கூட்டத்தைத் தவறவிட்டது. வனத்துறையினர் ட்ரோன் விட்டுக் கூட்டத்தைத் தேடினார்கள். குட்டியை ஆற்றில் குளிப்பாட்டி, மனித வாசனை போகச் சேறு பூசி, தாயிடம் சேர்த்தார்கள். பிறகு தாயின் அணைப்பில் அது தூங்கிய படம் வைரலானது நினைவிருக்கும்.

எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. அதே 2023 மார்ச்சில், 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆஸ்கர் வாங்கிய நாட்களில், தருமபுரியில் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட குட்டி தெப்பக்காடு முகாமுக்கு வந்தது. முகாமில் பொம்மனும் பெள்ளியும் இருந்தார்கள். ரகுவையும் அம்முவையும் வளர்த்த கைகள். மருத்துவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அந்த மாதமே வயிற்றுப்போக்கில் குட்டி போய்விட்டது. தாய்ப்பாலுக்கு மாற்று தேடுவது அவ்வளவு கஷ்டம். அனுபவசாலிகளுக்கே இந்த நிலை என்றால், நம் வீட்டுப் பசும்பால் எம்மாத்திரம்?

வனவிலங்குக் குட்டியை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மான்குட்டியைப் பார்த்தால் தொடாமல் விலகி வந்துவிடுங்கள். காயம் இருந்தாலோ, அருகே தாய் செத்துக் கிடந்தாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். யானைக்குட்டி என்றால் கிட்டேயே போகாதீர்கள். தாய் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாது. முக்கியமாக, தோப்பு நாயை அன்று ராத்திரி மட்டுமாவது கட்டிப்போடுங்கள்.