போர்வையும் போர்க்கேடயமும்

'போர்வை' என்று சொல்லும்போதே 'போர்' என்னும் ஒலி நம் நாவில் முந்திக்கொண்டு வருகிறது. ஒலியால் நெருங்கியிருப்பினும் போர்த்துவது வேறு, பொருதுவது வேறு என்பதைத் தமிழர் யாவரும் அறிவோம். ஆனால் ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ஒரு சொல், இவ்விரு பொருளையும் உண்மையாகவே தன்னுள் தாங்கி நிற்கிறது. 'மாண்டலெட்' என்பது அச்சொல்.

இலத்தீனில் 'மாண்டெல்லும்' என்றால் மேற்போர்வை. அதன் வழிவந்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் குறுகிய வடிவமே 'மாண்டலெட்'. அதாவது, சிறு போர்வை. தோள்மேல் இடும் குட்டையான அங்கிக்கும் அதுவே பெயர். கோட்டையை முற்றுகையிடச் சென்ற வீரர் தமக்கு முன்னே நகர்த்திச் சென்ற பெருங்கேடயத்துக்கும் அதுவே பெயர். குளிருக்கு அடக்கமான ஆடையும், மதிலைத் தகர்க்கச் செல்லும் கருவியும் ஒரே பெயரைப் பெற்றது எவ்வாறு? இரண்டும் மூடுகின்றன. மூடுவது நன்றா, தீதா என்னும் வினா அங்கேதான் பிறக்கிறது.

திருச்சபையில் ஒரு குறும்போர்வை

திருச்சபையின் உடை மரபில் 'மாண்டெலெட்டா' என்றோர் அங்கி உண்டு. மேற்கூறிய சொல்லுக்கு இத்தாலிய மொழியில் உள்ள உடன்பிறப்பு அது. கையில்லாதது, முன்புறம் திறந்தது, கைகளை நீட்டுவதற்குப் பக்கங்களில் பிளவு உடையது, ஏறத்தாழ முழங்கால் வரை தொங்குவது. 'ரோச்செட்' எனப்படும் வெள்ளை உடைக்கு மேல் இதனை அணிவர்.

முற்காலத்தில் ஆயர் ஒருவர் தமது மறைமாவட்டத்தில் இருக்கையில், 'மொசெட்டா' எனப்படும் தோள்போர்வையை அணிவார். அஃது அவரது ஆட்சியுரிமையின் அடையாளம். வேறோர் ஆயரின் எல்லைக்குள் சென்றாலோ, தமது வெள்ளை உடையை மாண்டெலெட்டாவினால் மூடிக்கொள்வார். 'இங்கே ஆளும் உரிமை என்னுடையதன்று. நான் விருந்தினன்' என்று அவ்வுடை வாய் திறவாமலே உரைத்தது. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் காலத்தில், 1969-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31-ஆம் நாள் வெளியிடப்பட்ட ஒழுங்குமுறை, கர்தினால்மாரும் ஆயர்களும் இதனை அணியும் வழக்கத்தை நீக்கியது. இன்று உரோமையில் பணிபுரியும் வெகு சிலருக்கே அது உரியது. உடை மறைந்தாலும் அது கற்பித்த பாடம் மறையவில்லை: தன் பெருமையைத் தானே மூடிக்கொள்ளும் போர்வையும் உலகில் உண்டு.

மதிலை நெருங்கும் போர்வை

இனி, போர்க்களத்துப் போர்வையைக் காண்போம். உரோமைப் போர்முறையைத் தொகுத்து எழுதிய வெகேசியுஸ் என்னும் ஆசிரியர் இத்தகைய கேடயம் ஒன்றை விவரிக்கிறார். வளார்களை வளைத்துப் பின்னி, தோலால் மூடி, மூன்று சிறு சக்கரங்களின்மேல் நிறுத்துவார்களாம். அதனைத் தள்ளிக்கொண்டு மதிலை நெருங்குவர். பின்னால் மறைந்து நின்று அம்பும் கல்லும் எறிந்து காவலரை விரட்டுவர். பிறகு ஏணி சார்த்துவது எளிதாகும். இவ்வகைக் கருவிகளின் மேல், எதிரி எறியும் தீ பற்றாதிருக்கும்பொருட்டுப் பச்சைத் தோலைப் போர்த்துவதும் உண்டு. பசுத்தோல் போர்த்த புலி என்று நாம் பழமொழியாகச் சொல்வதை, அக்காலப் படைகள் மெய்யாகவே செய்துகாட்டின!

திருநூலிலும் இக்கருவியின் நிழல் படிந்துள்ளது. கி.மு. 701-இல் அசீரிய மன்னன் செனகெரிபு யூதா நாட்டின் லாக்கீசு நகரை முற்றுகையிட்டு வென்றான். அவ்வெற்றியை நினிவேயிலிருந்த தன் அரண்மனைச் சுவர்களில் செதுக்கி வைத்தான். அச்சிற்பங்கள் இன்று இலண்டன் மாநகரில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. உயரமான பிரம்புக் கேடயங்களின் பின்னே வில்லாளிகள் நிற்கும் காட்சியை அசீரியச் சிற்பங்களில் காணலாம். நாகூம் இறைவாக்கினர் அதே நினிவேயின் வீழ்ச்சியை முன்னுரைக்கையில், மதிலருகே கேடயம் நிறுத்தப்படுவதைக் குறிப்பிடுகிறார். ஆங்கிலத் திருநூல் பதிப்பு ஒன்று அவ்விடத்தில் 'மாண்டலெட்' என்றே மொழிபெயர்க்கிறது. பிறர் மதில்களைத் தகர்த்த நகரம், கி.மு. 612-இல் தானே முற்றுகைக்கு இரையாகி வீழ்ந்தது.

ஆயினும் போர்க்களத்து மூடல் அனைத்தையும் பழித்துவிட இயலாது. கி.பி. 67-இல், கலிலேயாவிலுள்ள யோத்தபாத்தா நகரை உரோமைத் தளபதி வெஸ்பாசியான் முற்றுகையிட்டார். உரோமையர் தட்டிகளின் மறைவில் மண்மேடு எழுப்பினர். உள்ளே யூதருக்குத் தலைமை தாங்கிய யோசேப்புஸ், மதிலை உயர்த்தும் கொத்தர்கள் சாகாதிருக்க, கம்புகளை நட்டுப் பச்சை மாட்டுத்தோல்களை விரித்துக் கட்டச் செய்தார். விழுந்த கல்லை அத்தோல் நெகிழ்ந்து ஏற்றது; தீயை அதன் ஈரம் அணைத்தது. இதனை அவரே தமது வரலாற்று நூலில் பதிந்துள்ளார். இருபுறமும் மூடல், ஒன்று அழிக்க வந்தது, மற்றொன்று காக்க எழுந்தது.

ஒரு சொல், இரு வழி

நாகூம் ஆளும் எபிரேயச் சொல், 'மூடுதல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. அதே வேர் 91-ஆம் திருப்பாடலிலும் வருகிறது. அங்கே, இறைவன் தம் சிறகுகளால் தம்மை நம்பினோரை மூடிக் காக்கிறார். உடன்படிக்கைப் பேழையின்மேல் கெரூபிம்கள் சிறகு விரித்து மூடுவதைச் சொல்லும்போதும் அதே வேர்தான். முற்றுகைக் கேடயமும் இறைவனின் சிறகும் ஒரே வேரில் கிளைத்த சொற்களால் குறிக்கப்படுவது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டாமா?

புனித இராயப்பர் இச்சிந்தனையை இன்னும் தெளிவாக்குகிறார். தமது முதல் மடலின் 4-ஆம் அதிகாரத்தில், அன்பு திரளான பாவங்களை மூடும் என்கிறார். அதே மடலின் 2-ஆம் அதிகாரத்திலோ, சுதந்திரத்தைத் தீமைக்கு ஒரு மூடுதிரையாகக் கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கிறார். கிரேக்க மூலத்தில் இரண்டிடத்தும் ஒரே வேர்ச்சொல். மூடுவது அன்பாகவும் இருக்கலாம். தீமையின் மறைவிடமாகவும் இருக்கலாம்.

நம் இல்லத்துப் போர்வை

இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? புனித மார்ட்டினின் வரலாறு வழிகாட்டும். திருமுழுக்குப் பெறுமுன், அவர் உரோமைப் படைவீரராக இருந்த காலம். கடுங்குளிரில், பிரான்சு நாட்டு அமியான் நகர வாயிலில், ஆடையின்றி நடுங்கிய ஏழை ஒருவரைக் கண்டார். உடைவாளை உருவித் தம் போர்வையை இரண்டாகக் கிழித்துப் பாதியை அவருக்கு ஈந்தார். குட்டையாகிப்போன போர்வையுடன் நின்ற அவரைக் கண்டு சிலர் நகைத்தனராம். அன்றிரவு கனவில், அந்தப் பாதிப் போர்வையை ஆண்டவர் இயேசுவே அணிந்திருக்கக் கண்டார். 'காப்பா' என வழங்கிய அப்போர்வையைப் பிற்காலத்தில் பிராங்கிய அரசர்கள் திருப்பண்டமாகப் போற்றினர். அது வைக்கப்பட்ட இடத்தின் பெயரிலிருந்தே சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சேப்பல்' என்னும் சொல் பிறந்தது.

மார்ட்டினின் போர்வை மற்றவரை மூடியது, தன்னைக் குறைத்துக்கொண்டது. முற்றுகைக் கேடயமோ தன்னை மூடிக்கொண்டு மற்றவரின் மதிலை நெருங்கியது. ஆகவே, நம் இல்லத்தில் எதையேனும் மூட முற்படும்போது ஒன்றை வினவுவோம்: இப்போர்வைக்குள் இருப்பவர் யார்?

மகன் தேர்வில் தவறியதை ஊரார்முன் பேசாத தந்தை, அவனை அன்பினால் மூடுகிறார். மருமகளின் சிறு பிழையை வெளியே சொல்லாத மாமியாரும் அவ்வாறே. ஆனால் குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் கணவனைக் 'குடும்ப மானம்' என்னும் போர்வையால் மூடினால், அது யாரைக் காக்கிறது? குழந்தைக்குத் தீங்கிழைத்த உறவினனைப் பற்றி வாய் திறக்காதே என்று அக்குழந்தையையே அதட்டினால், அது பசுத்தோல் போர்த்த முற்றுகை அன்றி வேறென்ன?

திருச்சபையும் இப்பாடத்தைக் கண்ணீரோடு கற்றது. திருப்பணியாளரின் தீங்குகளையும், அவற்றை மூடி மறைத்தலையும் குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிசு 2019-ஆம் ஆண்டில் சட்டம் வகுத்தார். நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும், சிறார்க்கு இழைக்கப்பட்ட பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்கு அறிவிப்பதைக் கடமையாக்கியுள்ளது. துன்புற்ற குழந்தையைப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு, உண்மையை வெளியே சொல்வதே அங்கு அன்பு.

ஒவ்வொரு நவம்பர் 11-ஆம் நாளும் புனித மார்ட்டினின் திருநாள் வருகிறது. குளிர்கிறவரை மூடுவதற்குத் தம் போர்வையையே கிழித்த அப்புனிதரின் மனத்தை, நம் குடும்பங்களுக்கு ஆண்டவர் அருள்வாராக.