பழைய சான்ட்ரோ வாங்கப் போறீங்களா? முதல்ல ஆர்.சி.யை பாருங்க!

மனைவி, 2 பிள்ளைகளோடு பைக்கில் நனைந்தது போதும், சின்னதா ஒரு கார் வாங்கிடலாம் என்று கிளம்புகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பழைய ஹூண்டாய் சான்ட்ரோ. உயரமான கூரை. முட்டிவலி உள்ள பாட்டியும் அதிகம் குனியாமல் ஏறலாம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் தயாரிக்கத் தொடங்கிய வண்டி என்பதால், நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி.

ஆனால், விலை குறைவு என்றதும் அட்வான்ஸை நீட்டிவிடாதீர்கள். இந்த மாடல் தயாரிப்பு 2014-ம் ஆண்டோடு நின்றுபோனது. 2018-ல் அதே பெயரில் வந்தது வேறு வண்டி.

சொந்த காருக்கு ஆர்.சி. 15 வருஷம்தான் செல்லும். 2010-க்கு முன் பதிவான வண்டி எல்லாமே அந்தக் கெடுவைத் தாண்டியாச்சு. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, தகுதி உள்ளது என்றால் 5 வருஷத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10 ஆயிரமாக்கி விட்டார்கள். பசுமை வரி தனி. பெயின்ட், டிங்கரிங் செலவு வேறு. எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு பேரம் பேசுங்க.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா?

சென்னை வண்டி என்றால் இதை விடவே கூடாது. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் கொஞ்சமல்ல. வாட்டர் வாஷ் பண்ணி, சென்ட் அடித்து நிறுத்தினால் பார்க்க பளபளவென்றுதான் இருக்கும். சீட் பெல்ட்டை கடைசி வரை இழுங்க. உள்ளே சேற்றுக்கறை காட்டிக் கொடுத்துவிடும். கால்மிதிக்கு அடியில் கார்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்க. சீட் போல்ட் துருப்பிடித்திருந்தால் 'வேண்டாம்ணே' என்று நடையைக் கட்டுங்க.

என்ஜினை, ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்க. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகம்தான். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்க. ஓடும்போது அறுந்தால் வால்வுக்கும் செலவு வரலாம்.

வண்டி பிடித்துவிட்டதா? லோன் பாக்கி இருந்தால் பேங்க் என்.ஓ.சி. கட்டாயம். படிவம் 29, 30-ல் ஓனர் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்து விடுங்க. இன்சூரன்சையும் உங்க பெயருக்கு மாற்றணும். இல்லாவிட்டால், நாளைக்கு வண்டி அடிபட்டால் ரிப்பேர் செலவுக்கு கம்பெனி கையை விரித்துவிடும்.