முதல் தேர்வு யாருக்கு?

எங்கள் ஹனூரிலிருந்து பர்கூர் மலையைக் கடந்தால் அந்தியூர். ஆடி மாதத்தில் குருநாதசாமி கோயில் விழாவையொட்டி அங்கே பெரிய கால்நடைச் சந்தை கூடும். சந்தையிலேயே சிறந்த காளை ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் பின்னங்காலில் ஒரு சிறு நொண்டல். வாங்குவதா, விடுவதா? உழவனை வாட்டும் இதே கேள்விதான் அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகங்களையும் வாட்டுகிறது.

அங்கே என்.பி.ஏ. கழகங்கள் இளம் ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுப்பதில்லை. ஆண்டுதோறும் வரிசை முறையில் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. தோற்றுத் தளர்ந்த அணிகளுக்கே முன்னிடம் பெறும் வாய்ப்பு மிகுதி. அந்த முன்னிடத்திற்காக வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க, 1985 முதல் குலுக்கலும் சேர்ந்தது. சரி, முதல் ஆள் என்று எல்லோரும் கருதும் இளைஞனே ஐயத்திற்கு உரியவனானால்? கழகத்தின் முன் நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, துணிந்து அவனையே எடுப்பது. 2007இல் போர்ட்லாண்ட் அணி நெடிய உருவினரான கிரெக் ஓடனை முதல்வராக எடுத்தது. முழங்கால் அவரைக் கைவிட்டது. அவ்வணிக்காக அவர் ஆடியவை 82 ஆட்டங்களே. அவருக்கு அடுத்துத் தேர்வான கெவின் டுராண்டோ பெரும் புகழ் பெற்றார்.

இரண்டாவது, எடுத்துவிட்டுக் காத்திருப்பது. 1987இல் சான் அந்தோனியோ அணி தேர்ந்த டேவிட் ராபின்சனுக்குக் கடற்படைப் பணி இரண்டாண்டு இருந்தது. அணி பொறுத்தது. 1988–89இல் 21 ஆட்டங்களில் மட்டுமே வென்ற அவ்வணி, அவர் வந்த ஆண்டில் 56இல் வென்றது. 2014இல் காலெலும்பு முறிந்திருந்த ஜோயல் எம்பீடை மூன்றாவதாக எடுத்த பிலடெல்பியாவும் அவருக்காக இரண்டு முழுப் பருவங்கள் காத்தது. 2023இல் அவர் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.

மூன்றாவது, அடுத்தவனை எடுப்பது. நான்காவது, கிடைத்ததை மாற்றிக்கொள்வது. 2014இல் கிளீவ்லாண்ட் இவ்விரண்டையும் செய்தது. எம்பீடை விட்டு ஆண்ட்ரூ விக்கின்சை எடுத்தது. சில வாரங்களிலேயே அவரைக் கொடுத்து, அனுபவமிக்க கெவின் லவ்வைப் பெற்றது. 2016இல் கோப்பையும் அதன் கைக்கு வந்தது.

ஆகவே, ‘யார் சிறந்தவன்?’ என்ற ஒரு கேள்வி போதாது. ‘நமக்கு எது குறை? நம்மால் எத்தனை நாள் பொறுக்க முடியும்?’ என்றும் கேட்க வேண்டும். ஆனால் குறையை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. 1984இல் போர்ட்லாண்ட், தன்னிடம் கிளைட் டிரெக்ஸ்லர் இருக்கிறாரே என்று எண்ணி, நடுவில் ஆடும் உயரமான ஆளைத் தேடியது. காலெலும்பு முறிவால் கல்லூரியில் இரு பருவங்களை இழந்திருந்த சாம் போவியை எடுத்தது. அடுத்த வாய்ப்பில் சிக்காகோ எடுத்தவர் மைக்கேல் ஜோர்டன்! சிக்காகோ அவரோடு ஆறு கோப்பைகளை வென்றது.

வரிசையின் கடைசிப் பக்கத்தில் துணிவுக்கு விலை குறைவு. 2015இல் டல்லாஸ் அணி 52ஆவதாகப் பஞ்சாபின் சத்னாம் சிங்கை எடுத்தது. இவ்வாறு தேர்வு பெற்ற முதல் இந்தியர் அவர். என்.பி.ஏ. ஆட்டத்தில் இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும் அத்தேர்வால் அணிக்குப் பெரிய இழப்பும் இல்லை.

நண்பர்களே, நம் விடுதி அணிகளில் தேர்வு வரிசையும் இல்லை, டாலரும் இல்லை. ஆனால் முழங்கால் வீங்கிய நண்பனை, ‘இந்த ஒரு ஆட்டம் மட்டும் ஆடிக்கொடுடா’ என்று இறக்கிவிடும் பழக்கம் உண்டு. காளைக்கு வாய் இல்லை, அவனுக்கு உண்டு. ஆனாலும் அணியின் மானம் என்று சொன்னால் அவனும் வாய் திறப்பதில்லை. கோப்பை அடுத்த ஆண்டும் வரும். ஆகையால் முதலில் அவனிடம் கேளுங்கள். பிறகு அணியின் பட்டியலை எழுதுங்கள்.