நாற்பது வயது காருக்கு யார் சான்று தருவது?

முதல் புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9-ஆம் தேதி அறிமுகமானது. நம்மில் பலரின் அப்பா வாங்கிய முதல் கார் அதுதான். இன்று அதற்கு நாற்பது வயது கடந்துவிட்டது! அதற்கும் மூத்த டட்சன் 120ஒய், மோரிஸ் மைனர் போன்றவை இன்னும் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடுகின்றன. லிட்டல் இந்தியாவில் அப்படியொரு கார் வந்து நின்றால், பக்கத்தில் நிற்கும் புதிய காரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அழகு இருக்கட்டும். அந்தக் கார் சாலையில் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

பலரும் அறியாத பதில் இதுதான்: தனியார் காராக இருந்தால், ஆண்டுதோறும் யாரும் பார்ப்பதில்லை.

சட்டம் கேட்பது என்ன?

பேருந்து, லாரி போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். மின் அழைப்பு வாகனங்களுக்கு மூன்று வயதானதும் ஆண்டுக்கு ஒருமுறை. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு அப்படியொரு கெடு கிடையாது. காப்புறுதி எடுத்தால் சாலை வரியைப் புதுப்பித்துவிடலாம்.

காரை விற்கும்போதும், இயந்திரத்தை மாற்றும்போதும்தான் பரிசோதனை வருகிறது. பெயர் மாற்றத்தின்போது முக்கியமாகப் பார்ப்பது இயந்திர எண், சட்டக எண், கண்ணாடியின் கருமை போன்றவற்றைத்தான். இது திருட்டு வண்டியா, இல்லையா என்பதற்கான விடை; பிரேக் பிடிக்குமா என்பதற்கான விடை அல்ல. முப்பது ஆண்டுகள் ஒரே பெயரில் இருக்கும் கார், ஒருமுறைகூடப் பரிசோதனை நிலையத்தைப் பார்க்காமலே இருந்துவிடலாம்.

அதற்காக எதையும் ஓட்டலாம் என்று பொருளல்ல. ஆபத்தான நிலையிலுள்ள வாகனத்தைச் சாலையிலேயே நிறுத்தி, ஓட்டத் தடை விதிக்கும் அதிகாரம் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு (ஜேபிஜே) உண்டு.

2009-இல் நடந்தது

இந்த இடைவெளியை அடைக்க அரசாங்கம் ஒருமுறை முயன்றது. 2009 அக்டோபரில் தேசிய வாகனக் கொள்கையை மறுஆய்வு செய்தபோது, 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் சாலை வரியைப் புதுப்பிக்கும் முன் கட்டாயம் பரிசோதிக்கப்பட வேண்டும் என்று அறிவித்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களிலேயே திட்டம் கைவிடப்பட்டது.

அந்த வாரம் எங்கள் குடும்பத்திலும் இதே பேச்சுதான். பெரியப்பாவுக்குக் கார் என்பது பொழுதுபோக்கல்ல. வேலைக்குப் போகவும், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் இருந்த ஒரே வழி. பரிசோதனையில் தோற்றால் புதுக்கார் வாங்க அவரிடம் பணம் இல்லை. அவரைப் போன்றவர்களின் பயம் நியாயமானது. ஆனால், தேய்ந்த பிரேக்குக்கு நம் சம்பளம் எவ்வளவு என்று தெரியாதே!

பிற நாடுகளில்...

பிரிட்டனில் 2018 மே 20 முதல், நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. கடந்த 30 ஆண்டுகளில் பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்ட கார்களுக்கு அந்தச் சலுகை இல்லை. விலக்கு கிடைத்தாலும், வண்டி நல்ல நிலையில் இருப்பது உரிமையாளரின் சட்டப் பொறுப்பு.

அண்டை நாடான சிங்கப்பூரில் பத்து வயதைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. இந்தியா 2021-இல் ஐம்பது வயதைக் கடந்த வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அப்படிப் பதிவான காரை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

எதைப் பார்க்க வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸில் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் இதைக் கேட்டேன். வருகிறவர்கள் முதலில் சாயத்தையும் இருக்கை உறையையும் பற்றித்தான் பேசுவார்கள் என்று சிரித்தார். அவர் முதலில் பார்ப்பது பிரேக்.

அதற்குக் காரணம் உண்டு. மோரிஸ் மைனர் காலத்துக் கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் எண்ணெய்ப் பாதை. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயிற்று. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் ஈரப்பதத்தில் சொல்லவே வேண்டாம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

அடுத்தது டயர். அதிகம் ஓடாத காரில் டயரின் பூ தேயாமல் புதிதாகத் தெரியும். ரப்பரோ இறுகி வெடித்திருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2315 என்றிருந்தால், 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. மூன்றாவது, பெட்ரோல் குழாய். அதில் விரிசல் கண்டால் அன்றே மாற்றுங்கள். நான்காவது, அடிப்பாகத்துத் துரு.

இருக்கைப் பட்டையையும் மறக்க வேண்டாம். 2009 ஜனவரி முதல் பின் இருக்கையிலும் அது கட்டாயமானபோது, 1995-க்கு முந்தைய கார்களுக்கு விலக்கு தரப்பட்டது. விபத்து அந்த விலக்கை மதிக்காது. பொருத்த இடமிருந்தால் பொருத்திவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளை அந்தக் காரில் ஏற்றாதீர்கள்.

சட்டம் கேட்காவிட்டாலும் விருப்பத்தின் பேரில் காரைப் பரிசோதிக்கும் வசதி இங்கே இருக்கிறது. உருளைகளின்மேல் ஏற்றி பிரேக்கை அளப்பார்கள். விளக்கு, புகை, அடிப்பாகம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிப் பயணத்துக்கு முன், அதைச் செய்யலாம். அரசாங்கம் தரும் விலக்கு நம் பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் உயிருக்கு நாம்தான் பொறுப்பு.