வாயில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலம்

கரும்பு அரவை தொடங்கிவிட்டால் களமருதூர் வட்டாரத்துக் கரும்பு விவசாயிகளிடம் ஒரே கேள்விதான்: "கட்டிங் ஆர்டர் வந்துடுச்சா?" கரும்பு வெட்ட ஆலை தரும் உத்தரவு அது. கேட்பவர் தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பார். ஆனால் அவர் டீக்கடையில் ஆர்டர் சொல்கிறார், உளுந்தூர்ப்பேட்டைக்கு ஆர்டினரி பஸ்ஸில் போகிறார், மகளுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வரும் என்று காத்திருக்கிறார். ஒரே சொல் அவருடைய ஒரு நாளில் நான்கு இடத்தில் வேலை செய்கிறது.

நாளுக்குப் பத்துப் புதுச்சொல் என்று எழுதி மனப்பாடம் செய்த நோட்டு என்னிடமும் இருந்தது. பரீட்சை முடிந்த வாரமே அந்தச் சொற்கள் போய்விட்டன. ஆங்கிலச் சொல்வளம் வேண்டுமென்றால், ஏற்கெனவே வாயில் புழங்கும் சொற்களைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பொருள், ஒலி, புழக்கம் மூன்றையும் பார்க்காத வரை அந்தச் சொல் நமக்குப் பாதிதான் சொந்தம்.

ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். இதன் மூலம் லத்தீன் மொழியின் 'ஓர்டோ'. பொருள், வரிசை. வரிசையாக இருந்தால் ஒழுங்கு. 'லா அண்ட் ஆர்டர்' என்பதைச் சட்டம் ஒழுங்கு என்று நாம் சொல்வது அதனால்தான். ஒழுங்காக நடக்கச் சொல்வது ஆணை. கடைக்காரரிடம் இன்னது வேண்டும் என்று சொல்வதும் அதன் நீட்சிதான். வரிசைப்படி வழக்கமாக வருவது ஆர்டினரி. வழக்கத்தை மீறியது எக்ஸ்ட்ராஆர்டினரி. ஒழுங்கு குலைந்தால் டிஸ்ஆர்டர். லிஃப்டில் 'அவுட் ஆஃப் ஆர்டர்' என்று அட்டை தொங்கினால் பழுது என்று பொருள். வரிசை என்ற ஒரு வேரைப் பிடித்துக்கொண்டால் இத்தனையும் கொத்தாக வந்துவிடுகின்றன. 'நட' என்ற வேரிலிருந்து நடை, நடப்பு, நடத்தை எல்லாம் கிளைக்கவில்லையா, அதுபோல.

புழக்கத்தில் ஒரு சின்ன வழுக்கல் இருக்கிறது. இரண்டு டீ கேட்டதைச் சொல்லும்போது நம் மாணவர்கள் பலர் 'ஐ ஆர்டர்டு ஃபார் டூ டீஸ்' என்பார்கள். அந்த 'ஃபார்' வேண்டாம். 'ஐ ஆர்டர்டு டூ டீஸ்' போதும்.

அடுத்த சொல்லும் கரும்புக் காட்டிலிருந்தே வருகிறது: சுகர். சமஸ்கிருதத்தின் 'சர்க்கரா' பாரசீகம், அரபு, லத்தீன், பிரெஞ்சு என்று ஊர் சுற்றி ஆங்கிலத்துக்குப் போய் சுகர் ஆனது. அதே சொல் தென்னிந்தியக் கரையில் போர்ச்சுக்கீசியர் வாயில் புகுந்து 'ஜாகரி' ஆயிற்று. ஆங்கிலத்தில் வெல்லத்துக்கு அதுதான் பெயர். துண்டு என்று பொருள்படும் 'கண்ட' என்ற சொல்தான் நம்மிடம் கற்கண்டிலும் ஆங்கிலத்தில் 'கேண்டி'யிலும் இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றி அனுப்பும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த மூன்று சொல்லும் அன்னியமாக இருக்க வேண்டியதில்லை.

ஒலியைக் கவனியுங்கள். எழுத்து 'ச'வைக் காட்டினாலும் ஆங்கிலத்தில் அது 'ஷுகர்'. 'ஷ்யூர்' என்ற சொல்லும் அப்படியே. பொருளிலும் ஒரு வேறுபாடு: "அப்பாவுக்குச் சுகர் இருக்கு" என்று நாம் சொல்வது நோயை. வெளிநாட்டு மருத்துவரிடம் 'ஐ ஹாவ் ஷுகர்' என்றால், கையில் சர்க்கரை வைத்திருப்பதாகவும் அவர் எடுத்துக்கொள்ளலாம். நோயின் பெயர் 'டையபீட்டீஸ்'.

நம்மைத் தடுமாற வைப்பது எழுத்தைவிட அழுத்தம்தான். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். அறிவியல் மாணவரின் ரெக்கார்டு நோட்டு பெயர்ச்சொல். அதில் முதல் அசை ஓங்கும், 'ரெக்'கார்ட். போனில் பேச்சைப் பதிவு செய்வது வினை. அங்கே 'ரி' என்ற முதல் அசை தணிந்து, 'கார்ட்' ஓங்கும். அகராதியில் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்ன நேர்கோடு இருக்கும். அதற்கு அடுத்த அசையை அழுத்துங்கள் என்பதே அதன் பொருள். போன் அகராதிகளில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல்லையே கேட்கலாம். கேட்டுவிட்டு உரக்கச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சொல்வது போதாது, நாக்கு பழக வேண்டும்.

சொற்களுக்குக் கூட்டாளிகளும் உண்டு. தமிழில் மழை பெய்யும், காற்று வீசும், மின்னல் வெட்டும். "காற்று பெய்தது" என்று யாராவது சொன்னால் நம் காது உடனே பிடித்துவிடும். ஆங்கிலக் காதும் அப்படித்தான். நாம் மாத்திரை சாப்பிடுகிறோம். ஆங்கிலம் பேசுபவர்கள் 'ஈட்' என்று சொல்வதில்லை, 'டேக்' என்பார்கள். நாம் ஃபேனைப் போடுகிறோம். அவர்கள் 'ஸ்விட்ச் ஆன்' அல்லது 'டர்ன் ஆன்' என்பார்கள். ஆகவே 'மெடிசின்' என்று மட்டும் எழுதாமல் 'டேக் மெடிசின்' என்று சேர்த்தே எழுதி வையுங்கள்.

எத்தனை சொல் தேவை என்ற பயம் பலருக்கு உண்டு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் வாசிக்கத் திணறுவதைப் பார்த்தவர். அரிய சொற்கள் நெருக்கியடிக்கும் பாடநூலே அவர்களைத் தடுக்கிறது என்று கண்டு, சொற்களைக் குறைத்து வாசிப்பு நூல்கள் எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களைக் கொண்டது. சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு இவற்றிலேயே அடங்கிவிடும். மலைப்பாகத் தெரியும் மொழிக்கு இது சின்னத் தொகை. அந்த 2,000இல் கணிசமானவை நம் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஏற்கெனவே புழங்குபவை.

அப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு நோட்டுப் போட்டு, முதல் பக்கத்தில் 'கரண்ட்' என்று எழுதிக்கொள்ளுங்கள். "கரண்ட் போச்சு" என்பதற்கு ஆங்கிலத்தில் 'பவர் கட்' என்பதே வழக்கம். கரண்ட், லத்தீனில் ஓடுவதைக் குறிக்கும் வேரில் பிறந்த சொல். ஆற்று நீரோட்டமும் கரண்ட், இன்றைய செய்தியும் கரண்ட் அஃபேர்ஸ். கைமாறி ஓடும் பணம் கரன்சி. கூரியர், எக்ஸ்கர்ஷன் இரண்டும் அதே வேர்தான். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள்.